சுடாத கால்

என் வீட்டுக்காரரின் உள்ளங்காலிலிருந்து ஒரு கம்பியை நான் பிடுங்கி எடுத்தபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தக்கூட இல்லை. "இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டா உங்க அப்பன் வீட்டுச் சொத்தா குறைஞ்சிரும்? கஞ்சப்பிசினாறி" என்று என்னைத் திட்டியபடி ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். என் கையில் ரத்தமும் சீழும் ஒழுகிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது, ஆடி மாதம். போர்ட் பிளேருக்கு வெளியே கராச்சர்மாவில் தகரக் கூரை போட்ட வீட்டில் இருந்தோம். நம் ஊரில் ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். அந்தமானில் அம்மியும் பறக்காது, குழவியும் பறக்காது. எல்லாம் மழையில் ஊறிக் கிடக்கும். யார் உள்ளே வந்தாலும் சிமெண்டுத் தரையில் ஈரத் தடம் விழும். அன்று அவர் டூட்டி முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலிலிருந்து வந்த தடங்கள் ஒவ்வொன்றாக மங்கின. இடது காலின் தடத்தில் மட்டும் நடுவில் ஒரு கறை மங்காமல் இருந்தது. "இன்ஜின் எண்ணெயை மிதிச்சுட்டு வீட்டுக்குள்ள வராதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது" என்று கத்திக்கொண்டே துணியைப் போட்டுத் துடைத்தேன். துணியில் வந்தது எண்ணெய் இல்லை.

காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை, அதற்குள் ஏதோ மினுங்கியது. நகத்தால் நெம்பி இழுத்தேன். விரல்கணு நீளத்துக்கு ஒரு இரும்புப் பின் வந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அட, இது நம்ம இன்ஜின் பின்னுல்ல? எல்லாரும் சேர்ந்து தேடிக்கிட்டு இருந்தோமே!" என்றார். தொலைந்த பொருள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. அன்றுதான் எனக்கு முதலில் பயம் வந்தது.

அவர் துறைமுகத்தில் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடும் அரசுப் படகில் இன்ஜின் டிரைவர். இன்ஜின் ரூமின் இரும்புத் தரை, நாள் முழுக்க ஓடினால் தோசைக்கல்லாகக் கொதிக்கும். மற்றவர்கள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். இவர் வெறுங்காலோடு இறங்குவார். "செருப்பு வழுக்கும். எனக்கென்ன, சுடவா போகுது?" என்பார். படகில் இருந்த தெலுங்குக்காரர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோருக்கும் அதில் பெரிய மரியாதை. உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வடக்கத்திக்காரர், பொறுமையான மனிதர். இவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு குண்டூசியை எடுத்தார். "குத்தும்போது சொல்லு" என்று ஹிந்தியில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெருவிரலில் குத்தினார், குதிகாலில் குத்தினார், பாதத்தின் மேல் வரிசையாகக் குத்திக்கொண்டே கணுக்கால் வரைக்கும் வந்தார். குத்திய இடமெல்லாம் சிவப்பாகப் பொட்டு எழும்பியது. இவர் கண்ணை மூடியபடி சிரித்த முகத்தோடு படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "குத்துங்க சாப், பயப்படாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சர்க்கரை வியாதி பல வருடமாக இருந்திருக்கிறது, அது கால் நரம்பைத் தின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். முள் குத்தினாலும் நெருப்பு பட்டாலும் இனி அவருக்குத் தெரியாது. "தினமும் இந்தக் காலை நீதான் பார்க்க வேண்டும், அம்மா. அவருக்கு வலி வந்து சொல்லாது. இந்தப் புண் மேலே ஏறினால் ஜஹாஜில் ஏற்றி மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள்." டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். இன்றைக்கும் அவருக்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் அந்த நேரத்தில் அவர் சொன்ன பாதி என் காதில் ஏறவில்லை. என் மனது பங்குனி உத்திரத்துக்கு ஓடிவிட்டது.

அதைச் சொன்னால்தான் புரியும். நாங்கள் ராமநாதபுரத்துப் பக்கம். இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து அவர் வருடம் தவறாமல் காவடி எடுப்பவர். பங்குனியில் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். உச்சி நேரத்தில் கடற்கரையிலிருந்து புறப்பட்டு, மலைமேல் முருகன் கோயில் வரை தார் ரோட்டில் வெறுங்காலோடு ஏற வேண்டும். தார் உருகிக் காலில் ஒட்டும். காவடிக்காரர்கள் தாளித்த கடுகு மாதிரி துள்ளிக்கொண்டு போவார்கள். அதற்காகவே ரோட்டின் இரண்டு பக்கமும் வீட்டுக்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்பார்கள். தமிழ்வீடு என்று இல்லை, வங்காளி, தெலுங்கு, மலையாளி எல்லோரும்தான். காவடி பக்கத்தில் வந்ததும் காலுக்கு முன்னால் தண்ணீரை வீசி ஊற்றுவார்கள். அது அவர்களுக்கும் புண்ணியம்.

இவர் மட்டும் துள்ள மாட்டார். ஆனைபோல அடி எடுத்து வைத்து வருவார். வாளியைத் தூக்கினால், "எனக்கு வேணாம், பின்னால வர்றவருக்கு ஊத்துங்க" என்று கையைக் காட்டுவார். "முருகன் தாங்குறான்யா இவரை" என்பார்கள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் போகும் வழியில் கிடத்தித் தாண்டச் சொன்ன பெண்கள் உண்டு. பின்னால் வரும் எனக்கும் அன்றைக்கு ஒரு நடை இருக்கும், ராணி நடை. முதல் சில வருடங்கள் அவரும் துள்ளியவர்தான். பிறகு ஒரு வருடம் துள்ளல் குறைந்தது, அடுத்த வருடம் நின்றே போனது. பக்தி முற்றிவிட்டது என்று ஊரே சொன்னது. முற்றியது வியாதி.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது நான் இதை எதுவும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு விஷயத்தை இரண்டு பேரும் நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் வருவது எவ்வளவு கனம் என்று அந்த பஸ்ஸில் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு என் பிழைப்பு அந்தக் காலைச் சுற்றியே நடந்தது. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் பழைய வேட்டியைக் கிழித்து இட்லிப் பானையில் போட்டு வேக வைப்பேன். வீட்டில் மூடியோடு இருந்த பெரிய பாத்திரம் அது ஒன்றுதான். அதற்கப்புறம் அதில் இட்லி அவிக்க எனக்கு மனது வரவில்லை. கட்டுத்துணி காய வேண்டுமே! அந்தமான் மழையில் துணி காய்வதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன். விருந்தாளி யாராவது வந்தால் தலைக்கு மேலே தோரணம் தொங்கும்.

கிழங்கு, சர்க்கரை, சோறு எல்லாவற்றுக்கும் டாக்டர் தடை. சப்பாத்தி சாப்பிடலாம் என்றார். எனக்குச் சப்பாத்தி போட வராது. பக்கத்து வீட்டு வங்காளத்து அக்காவை நாங்கள் எல்லோரும் தீதீ என்று கூப்பிடுவோம். தீதீ வந்து கற்றுக்கொடுத்தாள். என் முதல் சப்பாத்தியை அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்ஜினுக்குக் கேஸ்கட் வெட்ட ஆகும், எடுத்து வை" என்றார். இரண்டாவது சப்பாத்தியை நான் அவர் மேலேயே எறிந்தேன். அது கிழியாமல் திரும்பி வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க அப்போது வீட்டில் செய்யும் வழி ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நீலத் தண்ணீரும் கண்ணாடிக் குழாயும் கொடுப்பார்கள். நீலத் தண்ணீரில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று ஏறிக் கடைசியில் செங்கல் நிறத்துக்கு வரும். காபி கொதிக்கும் அடுப்பில் இதையும் கொதிக்க வைத்தேன். என் அம்மா உயிரோடு இருந்து பார்த்திருந்தால் என்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டாள். ஆரம்பத்தில் நாள் தவறாமல் செங்கல். பிறகு திடீரென்று அவர் யோக்கியராகிவிட்டார். சோதிக்கச் சோதிக்க நீலம். நான் மெச்சிக்கொண்டேன், முருகனுக்கு ஒரு விளக்குக்கூடப் போட்டேன். அப்புறம் ஒருநாள் அவர் கொடுத்த பாட்டிலைத் திறந்தால் கம்மென்று டீ வாசனை. பாலும் சர்க்கரையும் போடாத வெறும் டீத்தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார் மனிதர். கேட்டதற்கு, "நீ சிரிச்ச முகமா இருந்தே, கெடுக்க மனசு வரல" என்றார். பாட்டிலை அவர் தலையில் கவிழ்த்தேன்.

அதை விடப் பெரிய பாடு, அவரை உட்கார வைப்பது. காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. மெடிக்கல் லீவும் கிடைத்துவிட்டது. வலித்தால் மனிதன் தானே உட்காருவான். வலிக்காதவனை எப்படி உட்கார வைப்பது? நான் கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் எழுந்து கோழிக்கூட்டைச் சரிபண்ணப் போய்விடுவார். கட்டு முழுக்கச் சேறாகும். திரும்பவும் கழுவி, மருந்து வைத்து, கட்ட வேண்டும். கொல்லைக்குப் போகும்போது நனையாமலிருக்க வாழை இலையை வாட்டிக் காலைச் சுற்றிக் கட்டிவிடுவேன். "பரிமாறிறாத, யாராவது சாப்பிட உட்கார்ந்துருவாங்க" என்பார். வாய்க்கு மட்டும் எந்த நரம்பும் செத்துப்போகவில்லை.

படகுக்காரர்கள் பார்க்க வருவார்கள், கையோடு ஒரு வைத்தியமும் வரும். ஒருவர் இலையை அரைத்துக்கொண்டு வருவார், ஒருவர் கடல்தண்ணீரில் முக்கு என்பார், ஒருவர் டீசலை ஊற்றினால் ஒரே நாளில் காயும் என்பார். அன்பாகத்தான் சொன்னார்கள், அதுதான் தொல்லை. எதிரியாக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம். போகும்போது எல்லோரும் தவறாமல் ஒரு பொட்டலம் அல்வாவை வைத்துவிட்டுப் போனார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா என்று ஒரு நியாயம்.

எலிகள் வேறு. மழைக்குப் பயந்து வீட்டுக்குள் வரும் எலி, உணர்ச்சியில்லாத காலைக் கொறித்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் அப்படிக் கடிபட்டு வந்த ஒருவரை நான் பார்த்திருந்தேன். அதனால் என் பாயை அவர் காலடிக்கு மாற்றிக்கொண்டேன். தீதீ அதைப் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், மதராஸிப் பெண்கள் புருஷன் காலடியில்தான் படுப்பார்களாம், என்ன பதிபக்தி என்று. நான் எலிக்குக் காவல் என்று சொல்லவில்லை. கிடைத்த பெயரை எதற்குக் கெடுப்பானேன்!

இப்படிச் சிரித்துச் சொல்கிறேன். அப்போது எல்லா நாளும் சிரிப்பு இல்லை. புண்ணின் வாடை என் கையில் ஏறிக்கொண்டது. சோப்புப் போட்டாலும் புளி போட்டாலும் போகவில்லை, அல்லது போகவில்லை என்று எனக்குத் தோன்றியது. சோற்றில் கை வைத்தால் குமட்டும். கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தேன். அவர் ஒருநாள் அதைக் கவனித்துவிட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் நான் சாப்பிடும் நேரமெல்லாம் அவர் அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். தீதீ வீட்டுக்குப் போய் அழுதேன். அவள் ஒரு தட்டில் சோறும் மீன்குழம்பும் போட்டுப் பிசைந்து, முள்ளை எடுத்துவிட்டு, தன் கையால் என் வாயில் ஊட்டினாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள் அவள். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆவணியில் சுண்டுவிரல் கறுத்தது. டாக்டர் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பிறகு, "விரலை இங்கேயே எடுத்துவிடலாம். அதோடு நின்றால் கால் தப்பும். நிற்காவிட்டால் அடுத்த ஜஹாஜில் மெட்ராஸ்" என்றார். விரலை எடுத்தார்கள். வெளியே கொண்டுவந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "விடு புள்ள, மெட்டி போடுற விரலா என்ன?" நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அழுததை அவர் பார்க்காமல் இருக்கச் சிரித்தேன் என்றும் சொல்லலாம்.

அப்புறம் நாங்கள் கப்பலைக் கொண்டு காலத்தைக் கணக்குப் பார்த்தோம். ஊரில் எல்லோரும் மெயின்லேண்ட் கப்பல் வருகிறது என்றால் சந்தோஷப்படுவார்கள். கடுதாசி வரும், காய்கறி வரும், சொந்தக்காரர்கள் வருவார்கள். எனக்குக் கப்பல் வருகிற செய்தி கேட்டால் கை அவர் கால்கட்டுக்குத்தான் போகும். கட்டைப் பிரித்துச் சிவப்பு மேலே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஏறியிருக்காது. கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது என்று யாராவது சொன்னதும் அவர், "இந்தத் தடவையும் டிக்கெட் கிடைக்கல" என்பார். அப்படிப் பல கப்பல்களைத் தவறவிட்டோம். குழி சிறுகச் சிறுக மேலே வந்தது. ஓரத்தில் குழந்தையின் உதடு மாதிரி ரோஸாகத் தோல் படர்ந்தது. அந்த நிறத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட வரவில்லை. பிள்ளைகள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

உட்கார்ந்த இடத்திலேயே இருந்த அந்த மாதங்களில் அவர் என் அடுப்படியையும் இன்ஜின் ரூமாக்கிவிட்டார். நாற்காலியில் காலை நீட்டி வைத்துக்கொண்டு என் பம்ப் ஸ்டவ்வின் சத்தத்தைக் கேட்டே, "நாஸில்ல அடைப்பு இருக்கு, கொண்டா" என்பார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவரோடு பகலில் அவ்வளவு நேரம் நான் பேசிக்கொண்டிருந்ததில்லை. வெங்காயம் உரித்துத் தருவார். நான் குனிந்து நிமிர்ந்தால், "இடுப்பு வலிக்குதா?" என்று கேட்பார். வலிக்கிறதா என்று அவர் கேட்காத நாள் இல்லை. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று நுணுக்கமாகக் கேட்பார். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

மாசியில் புண் முழுசாக மூடியது. டாக்டர் கைகொடுத்தார். கேன்வாஸ் ஷூ வாங்கி முன்பக்கம் வெட்டி, உள்ளே மெத்தென்று துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். செருப்பில்லாமல் வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது, ஒரு கொப்புளம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து, அடுத்த தடவை விரலோடு நிற்காது என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அவர் சமர்த்தாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பங்குனிக்கு விரதம் ஆரம்பிக்கணும் புள்ள. இந்த வருசம் ரெண்டு காவடி. ஒண்ணு வழக்கமானது. ஒண்ணு, காலைக் காப்பாத்திக் குடுத்ததுக்கு."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த அரிவாள்மணையைத் தரையில் போட்டேன். காலைக் காப்பாற்றினதற்கு அந்தக் காலையே கொண்டுபோய்த் தாரில் வைப்பாராம். "காலைக் காப்பாத்துனது யாரு? துணி அவிச்சது யாரு? எலி ஓட்டுனது யாரு? முருகனா வந்து படுத்தான் உங்க காலடியில?" என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "அவன் சொல்லித்தானே நீ செஞ்சே" என்றார். அந்தச் சாந்தம்தான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த பஸ்ஸிலிருந்து வாய்க்குள் வைத்திருந்ததை அன்று கொட்டிவிட்டேன். "அவன் எங்க தாங்குனான்? உங்க கால் செத்துப் போயிருந்துச்சு. செத்த காலுக்குத் தாரு சுடுமா? அதைப் போய் அருளுன்னு ஊரே கும்பிட்டுச்சு, நானும் கும்பிட்டேன்!"

அவர் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அதன் கயிற்றை முடிந்து முடிந்து அவிழ்த்தார்.

"தெரியும் புள்ள" என்றார். "டாக்டர் சாப் ஊசியை வச்சுக்கிட்டு நின்னாரே, அப்பவே தெரிஞ்சு போச்சு. ஆனா அத்தனை வருசமா அவன் என்னைத் தூக்கிட்டுப் போறான்னு நெனச்சேன்ல, அந்த நெனப்பைக் கொண்டுபோய் எங்க எறக்கி வைக்க?"

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் அவ்வளவு பிரியம் பொங்கியது. படித்தவர்களாக இருந்தால் அதற்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள். "என் தலையில எறக்கி வைங்க" என்றேன். "நான் பால்குடம் எடுக்குறேன். உங்க பேருல. நீங்க ஷூவைப் போட்டுக்கிட்டு ஓரமா வாங்க."

கோயில் பெரியவர்களிடம் கேட்டோம். புருஷனுக்காகப் பெண்டாட்டி எடுக்கலாம், வழக்கம் உண்டு என்றார்கள். ஆனால் ஷூ போட்டவர் காவடிகளோடு ரோட்டில் வரக் கூடாது, ஓரத்துப் புல்லில் வேடிக்கை பார்க்கிறவர்களோடு வரலாம். சரி என்றார் அவர். எத்தனையோ வருடம் நடுரோட்டில் வந்தவர் ஓரத்துக்குச் சரி என்று சொன்னபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் மனது மாறிவிடும் என்று பயம்.

பங்குனி உத்திரத்தன்று வெயில் ஒரு மாற்றுக் குறையாமல் அடித்தது. தலையில் பால்குடம், உடம்பில் மஞ்சள் சேலை. கடற்கரை மணல் தாண்டி முதல் அடியைத் தாரில் வைத்ததும் எனக்கு முருகன் பெயரே மறந்துபோனது. "ஐயோ அம்மா" என்றுதான் வாயில் வந்தது. துள்ளினேன். பால் தளும்பியது. முன்னாலும் பின்னாலும் எல்லோரும் துள்ளிக்கொண்டுதான் போனார்கள். மரநிழல் இருந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கினேன். பிறகு ஏற்றம் வந்தது, நிழலே இல்லை.

அவர் ஓரத்துப் புல்லில் குடையைப் பிடித்துக்கொண்டு, வெட்டிய ஷூவோடு எனக்கு நேராக நடந்து வந்தார்.

"சுடுதா?" என்றார்.

"சுடாம? உங்க ஆத்தா ஜமுக்காளமா விரிச்சு வச்சிருக்காக?" பால்குடம் எடுத்தவள் வாயைத் திறக்கக் கூடாது, அதிலும் புருஷனைத் திட்டவே கூடாது. முருகன் பொறுத்துக்கொள்வான், அவனுக்கு இரண்டு பெண்டாட்டி.

அவர் சிரிக்கவில்லை. "எப்படிச் சுடுது? சொல்லு" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று குடத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் திருப்பினேன். கேலி இல்லை. பந்திக்கு வெளியே நிற்கிற பிள்ளையின் முகமாக இருந்தது. அவருக்கு மறந்துபோய்விட்டது. கால் சுடுவது எப்படி இருக்கும் என்று நிஜமாகவே மறந்துபோய், தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறார். வீட்டில் ஓயாமல் வலிக்கிறதா, எப்படி வலிக்கிறது என்று கேட்டதெல்லாம் இதற்குத்தான் என்று அந்த ஏற்றத்தில் எனக்கு விளங்கியது.

சொன்னேன். ஒவ்வொரு அடியாகச் சொன்னேன். "குதிகாலு வைக்கையில சுருக்குங்குது. அப்புறம் உள்ள இறங்குது. விரலுக்கு நடுவுல தாரு ஒட்டி இழுக்குது. சின்னக் கல்லு ஒண்ணு ஒண்ணும் தெரியுது. கால எடுத்த பெறகும் சூடு விடாம கூடவே வருது."

"எல்லாம் தெரியுதா?"

"எல்லாம் தெரியுதுங்க."

அவர் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் இல்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாளியோடு நின்றவர்களைப் பார்த்து இரண்டு கையையும் வீசினார். "பானி டாலோ பாய், பானி டாலோ! தண்ணி ஊத்துங்கய்யா! என் பொண்டாட்டிக்குச் சுடுது! நல்லாச் சுடுதாம்!"

மகன் பரீட்சையில் தேறிவிட்டதைத் தெருவுக்குச் சொல்கிறவர் குரல் அது. அத்தனை வருடம் தண்ணீர் வேண்டாம் என்று கையைக் காட்டியவர் கேட்கிறாரே என்று நாலைந்து வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் வாளியைக் கவிழ்த்தார்கள். என் கால் இரண்டும் குளிர்ந்தது. அதையும் அவரிடம் சொன்னேன்.